துண்டு துண்டாக வரும் ரார் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற யாருக்கும் பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) கலெக்‌ஷன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 12க்கு 36 இன்ச் அளவில் ரெடிமேட் ஷீட்டுகள், பூ பார்டர்கள், கோபுரமும் நாதஸ்வரமும் மாலையும் வைத்த பின்னணிகள் எல்லாம் நூற்றுக்கணக்கில் மொத்தமாக வரும். முகூர்த்த மாதங்களில் நாலைந்து ஸ்டூடியோக்களின் வேலை ஒரே சமயத்தில் கையில் இருக்கும்போது ஒவ்வொரு ஷீட்டையும் வெறும் பக்கத்திலிருந்து தொடங்க நேரம் இருக்காது. அதனால் புதிய கலெக்‌ஷன் எங்கே கிடைத்தாலும் இறக்கி வைத்துக்கொள்வோம். நான் திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். போன ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு அப்படி இறக்கிய ஒரு கலெக்‌ஷன், இரண்டு குடும்பங்களின் கல்யாணப் படங்களை என் கம்ப்யூட்டரில் பூட்டிவிட்டது. அந்த வாரங்களில் யாரிடம் கேட்பது, எதை முதலில் செய்வது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்காவது தெரியட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அந்தக் கலெக்‌ஷன் ஒன்பது துண்டுகளாக இருந்தது. பார்ட்1, பார்ட்2 என்று எண் போட்டு, ரார் (ஜிப் மாதிரி பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஆர்க்கைவ்) என்று முடிகிற ஃபைல்கள். இப்படிப் பிரித்துப் போடுவதிலேயே சந்தேகப்பட எதுவும் இல்லை. இலவசமாக இடம் தரும் தளங்கள் ஒரு ஃபைல் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்று வரம்பு வைக்கின்றன. ஃபேட்32 பென்டிரைவில் ஒரே ஃபைலாக 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நெட் நடுவில் அறுந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். எனக்கு வந்ததில் எட்டுத் துண்டுகள் ஒழுங்காக இறங்கின. ஐந்தாவது துண்டின் லிங்க் மட்டும் வேலை செய்யவில்லை. ஒரு சாட் குழுவில் கேட்டதும், பெயர் தெரியாத ஒருவர் வேறொரு லிங்க் கொடுத்தார். இறக்கினால் 4 எம்பிதான் இருந்தது, அதுவும் ஜிப் ஃபைல். மற்ற துண்டுகள் ஒவ்வொன்றும் 500 எம்பி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். ஒரே ஆர்க்கைவைப் பிரித்தால் எல்லாத் துண்டுகளும் பொதுவாக ஒரே அளவில்தான் இருக்கும். கடைசித் துண்டு மட்டும் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு, அதனால் அது சிறியதாக இருக்கலாம். நடுவில் இருக்கும் துண்டு ஒன்று மற்றவற்றோடு பைட் கணக்கில் ஒத்துப்போகவில்லை என்றால், ஒன்று அது பாதியில் அறுந்த டவுன்லோடு, இல்லையென்றால் அது அந்தக் குடும்பத்து ஃபைலே இல்லை. ஃபோல்டரை டீடெயில்ஸ் வியூவில் வைத்து சைஸ் என்ற வரிசையை ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் வடிகட்டல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த ஜிப்புக்குள் இரண்டு ஃபைல்கள். ஒன்று ரீட்மீ: 'ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும், அதை நிறுத்திவிட்டுத் திறக்கவும்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. இன்னொன்று நோட்பேட் படத்தோடு பாஸ்வேர்ட் என்ற பெயர். ஏற்கெனவே இறக்கிய துண்டுகள் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருந்தன. போட்டோஷாப் மெதுவாக ஓடுகிறது என்று என் சிஸ்டத்தில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் அப்போது நிறுத்தித்தான் இருந்தது. பாஸ்வேர்ட் ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். நோட்பேட் திறக்கவில்லை. விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று சதவீதம் காட்டியபடி ஒரு சின்னப் பெட்டி வந்தது. பார்க்க அசல் மாதிரியே இருந்தது. காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் டி டிரைவில் படங்களின் சிறு உருவங்கள் எல்லாம் போய் வெள்ளைக் காகிதங்களாக நின்றன. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமே இல்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 டாலர்.

கை நடுங்கியது என்று சொன்னால் அது குறைவு. கொஞ்ச நேரம் மவுஸைப் பிடிக்கவே முடியவில்லை. என் டிசைன்கள் போனதைப் பற்றிக் கவலை வரவில்லை. யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிய நிமிடம் என்னிடம் கொடுத்து வைத்திருந்தது, அது போய்விட்டது என்கிற நினைப்புதான் வயிற்றைப் புரட்டியது. மறுநாள் காலை பெண்ணின் அப்பாவே போன் செய்தார். "என்னம்மா, ஆல்பம் எந்த மட்டுல இருக்கு? மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் ஆகும் சார் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இது எந்த வகை என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம். போலி விண்டோஸ் அப்டேட் பெட்டி, 980 டாலர், பாதி விலை எல்லாம் அதன் அடையாளங்கள். கிராக் சாஃப்ட்வேர், இலவச டவுன்லோடுகள் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் சின்னக் கடைகளையும் பிடிப்பதுதான் அதன் வழக்கம். அதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. பூட்டும் நேரத்தில் அந்த வைரஸால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால், தன்னிடமே இருக்கும் பொதுவான சாவியால் பூட்டும். அந்தச் சாவி வெளியே தெரிந்திருந்தால் இலவசமாகத் திறக்கலாம். நெட் இருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. என் வீட்டில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க நோ மோர் ரான்சம் என்ற தளம் இருக்கிறது. நெதர்லாந்து போலீஸ், யூரோபோல், இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கியது. மிரட்டல் கடிதத்தையும் பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றையும் ஏற்றினால் எந்த வகை, திறக்க டூல் இருக்கிறதா என்று காசு வாங்காமல் சொல்லும்.

எனக்கு அது முதலில் தெரியாது. ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்குத்தான் ஓடினேன். பார்த்துச் சொல்வதற்கே 6,000 ரூபாய் வாங்கினார்கள். பிறகு 60,000 கொடுத்தால் மொத்தமும் திறந்து தருகிறோம் என்றார்கள். எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டி, எழுந்து வந்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் 'எங்கள் தொழில்நுட்பம்' என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் மிரட்டுகிறவனுக்கே பணம் கட்டி, மேலே லாபம் வைத்து வாங்கிய நிறுவனங்களைப் பற்றி அமெரிக்காவில் 2019இல் செய்திகள் வந்திருக்கின்றன. தனிச் சாவியால் பூட்டிய ஃபைலை நாங்களே உடைப்போம் என்று யாராவது சொன்னால், ஒரு ஃபைலையாவது திறந்து காட்டச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

அந்த முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியது இது. நெட் கேபிளைப் பிடுங்குங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க், பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள்; எந்த டிரைவ் கண்ணுக்குத் தெரிகிறதோ அதையெல்லாம் அது பூட்டும். என் பேக்கப் டிஸ்க் அப்போது சிஸ்டத்தில் மாட்டியே இருந்தது, அதுவும் போனது. அந்த ஆத்திரத்தில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் கடிதத்தையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், என்றைக்காவது சாவி வெளியே வரலாம். இன்னொன்று மிக முக்கியம்: இந்த ரகம் தனியாக வருவதில்லை, பாஸ்வேர்ட் திருடும் புரோகிராமையும் கூடவே கூட்டி வருவது வழக்கம். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், லாகின் ஆகி இருக்கும் குக்கிகள் எல்லாம் கையை விட்டுப் போயிருக்கும். வேலைகளைக் காட்ட நான் வைத்திருந்த இன்ஸ்டாகிராம் பக்கம் அந்த வாரமே வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது. அதனால் வேறொரு போனிலிருந்து, முதலில் மெயில், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை என்று பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸ்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியலாம்.

திரும்பக் கிடைத்தவை பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இரண்டில் ஒரு கல்யாணத்தின் கார்டை போட்டோகிராஃபர் அண்ணன் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். "விடும்மா, அழுவாத. கார்டு பீரோவுலதான் இருக்கு" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்னொரு கல்யாணத்தின் கார்டை ஃபார்மேட் செய்து அதில் ஒரு காதுகுத்து விழாவை எடுத்திருந்தார்கள். அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச டூலை அதன்மேல் ஓட்டினோம். புதிய படங்கள் ஏறாத இடத்தில் பழைய படங்கள் அப்படியே கிடந்தன. பெயர்களும் வரிசையும் போய்விட்டன, ரிசப்ஷன் படங்களில் பெரும்பகுதி வரவேயில்லை, ஆனால் முகூர்த்தம் கிடைத்தது. வீடியோக்களையும் ஓரளவு மீட்டோம். இந்த வைரஸ் அவசரத்தில் ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்து 150 கேபியை மட்டும்தான் குழப்புகிறது. பெரிய வீடியோ என்றால், அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டி தலைப்பகுதியைச் சரிசெய்யும் டூல்கள் இருக்கின்றன. பழைய ஜிப் பேக்கப்புகளிலும் முதலில் இருந்த ஃபைல்தான் கெட்டிருந்தது, பின்னால் இருந்தவை பிழைத்தன. ரிசப்ஷன் படங்கள் இல்லாத குடும்பத்துக்கு முழு அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்து, ஆல்பத்தையும் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். புது டிஸ்க், கடைக்காரர் வாங்கியது, நின்றுபோன வேலைகள் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மா போனில் எதுவும் பேசாமல் அழுததற்கு எந்தக் கணக்கும் இல்லை.

அதற்கப்புறம் ஆர்க்கைவ் ஃபைல்களைப் பற்றி வெறியோடு படித்தேன். இப்போது எது வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஃபைல் உண்மையில் என்ன? பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. ஃபைலின் முதல் சில பைட்டுகள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி என்று ஒரு இலவச ஹெக்ஸ் எடிட்டர் இருக்கிறது. அதில் ஃபைலைத் திறப்பது வெறுமனே பார்ப்பதுதான், எதுவும் ஓடாது. இடது பக்கம் எண்கள், வலது பக்கம் எழுத்துகள். ரார் என்றால் வலது பக்கத் தொடக்கத்திலேயே ஆர், ஏ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு ஆச்சரியக்குறியும் இருக்கும். ஜிப் என்றால் பி, கே. அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் (Phil Katz) பெயரெழுத்துகள். செவன்ஜிப் என்றால் 7, அடுத்து இசட். எம், இசட் என்று தொடங்கினால் அது விண்டோஸில் ஓடக்கூடிய புரோகிராம், பெயர் ரார் என்று முடிந்தாலும் சரி, டெக்ஸ்ட் என்று முடிந்தாலும் சரி. பூட்டாமல் தப்பித்த அந்தப் பாஸ்வேர்ட் ஃபைலை பிற்பாடு வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இப்படித் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து எம், இசட். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது, ஃபைல் என்ற கட்டளையே வகையைச் சொல்லிவிடும்.

துண்டுகளுக்கு இதில் சில நுணுக்கங்கள் உண்டு. ரார் துண்டுகள் ஒவ்வொன்றின் தலையிலும் வகையைச் சொல்லும் அந்த முதல் எழுத்துகள், அதாவது முத்திரை, இருக்கும், பழைய பாணியில் ஆர்00, ஆர்01 என்று முடிந்தாலும் இருக்கும். ஆனால் 001, 002 என்று முடிகிறவை பெரும்பாலும் ஒரு ஃபைலை அப்படியே வெட்டிய துண்டுகள். முதல் துண்டில் மட்டும்தான் முத்திரை தெரியும், மற்றவை குப்பை மாதிரி தெரிவதுதான் இயல்பு. ஜிப்பைப் பிரித்தால் இசட்01, இசட்02 என்று வந்து, ஜிப் என்று முடிகிற ஃபைல்தான் கடைசித் துண்டு. அதைத்தான் திறக்க வேண்டும். ரார் துண்டுகளை யாரும் ஒட்ட வேண்டியதில்லை, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து முதல் துண்டைத் திறந்தால் மற்றவற்றை அதுவே தேடிக்கொள்ளும். அதனால் 'துண்டுகளை இணைக்க இந்த ஜாய்னரை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள். 001 வகையைக்கூட செவன்ஜிப் என்ற இலவச சாஃப்ட்வேரே திறந்துவிடும். தானாகப் பிரியும் ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு, அதில் முதல் துண்டு மட்டும் நியாயமாகவே புரோகிராமாக இருக்கும். அப்போதும் டபுள் கிளிக் வேண்டாம். ரைட் கிளிக் செய்து செவன்ஜிப்பில் ஓப்பன் ஆர்க்கைவ் கொடுத்தால், ஓடவிடாமலே உள்ளே இருப்பதைக் காட்டும்.

எக்ஸ்ட்ராக்ட் செய்வதற்கு முன் அந்த ஓப்பன் ஆர்க்கைவ் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். பிஎஸ்டி கலெக்‌ஷனில் பிஎஸ்டி, ஜேபெக், ஃபான்ட் தவிர வேறு எதற்கும் வேலை இல்லை. அதில் எக்ஸிஇ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே என்று ஓடக்கூடிய வகையில் முடியும் ஒன்று இருந்தால் மொத்தத்தையும் அழித்துவிடுங்கள், டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. விண்டோஸ் வழக்கமாக ஃபைலின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடுகிறது, வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இன்றே டிக் செய்யுங்கள். அதையும் ஏமாற்ற வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு யூனிகோட் குறியைப் பெயருக்கு நடுவில் வைத்தால், அதன் பின்னால் வரும் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். எஸ்சிஆர் ஃபைல் ஒன்று ஜேபெக் மாதிரி முடியும். அதனால் நான் டைப் என்ற வரிசையைத்தான் நம்புகிறேன். அங்கே அப்ளிகேஷன் என்றோ ஸ்கிரீன் சேவர் என்றோ இருந்தால், பெயரில் என்ன இருந்தாலும் அது அதுதான்.

பாஸ்வேர்ட் போட்ட ஆர்க்கைவை ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது, திருடர்கள் பாஸ்வேர்ட் போடுவதே முக்கால்வாசி அதற்காகத்தான். பட்டியலைக் காட்டவே பாஸ்வேர்ட் கேட்டால் ஃபைல் பெயர்களையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கலெக்‌ஷனை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டுக்கு மட்டும் சர்வே நிரப்பு, ஆப் இன்ஸ்டால் செய், எஸ்எம்எஸ் அனுப்பு என்றால் அந்த 4 ஜிபிக்குள் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. இரவெல்லாம் நெட்டை ஓடவிட்டு இறக்கியாயிற்றே என்ற நினைப்புதான் நம்மை அந்தக் கடைசிப் படியிலும் தள்ளுகிறது.

ஒரு ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம் நல்ல உதவி, ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஃபைல் 650 எம்பி வரைதான் ஏற்றலாம். ஏற்றாமலும் பார்க்கலாம்: ஃபைலை ரைட் கிளிக் செய்தால் செவன்ஜிப்பின் சிஆர்சி ஷா மெனுவில் ஷா-256 என்ற, ஃபைலின் கைரேகை மாதிரியான எண் கிடைக்கும், அந்த நீள எண்ணைத் தேடினால் வேறு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முடிவு வரும். பூட்டிய ஆர்க்கைவுக்கு அது பச்சை காட்டினால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். வாடிக்கையாளரின் படங்களை ஒருபோதும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்ற ஆராய்ச்சியாளர்கள் கைக்கும் போகும்.

வின்ரார் (ரார் ஃபைலைத் திறக்கும் சாஃப்ட்வேர்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அது தானாக அப்டேட் ஆகாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் சிஸ்டம் வாங்கிய அன்று போட்ட வெர்ஷன்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். 2019இல் வெளியே வந்த, ஏஸ் என்ற பழைய ஆர்க்கைவ் வகை சார்ந்த பாதுகாப்பு ஓட்டை, 2023இல் 6.23 வெர்ஷனில் அடைத்த ஓட்டை, 2025 ஜூலையில் 7.13 வெர்ஷனில் அடைத்த ஓட்டை எல்லாமே பெரிய விஷயங்கள். கடைசியாகச் சொன்னதில், நீங்கள் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் செய்தாலே போதும், ஃபைல் உங்களுக்குத் தெரியாமல் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போய் உட்கார்ந்து அடுத்த லாகினில் ஓடும். எதையும் கிளிக் செய்யவில்லையே என்ற சமாதானம் பழைய வெர்ஷனில் செல்லாது.

துண்டு காணவில்லை அல்லது கெட்டிருக்கிறது என்றால், பிரிக்கும்போது வரும் சிஆர்சி எரர் (துண்டு கெட்டிருக்கிறது என்ற அறிவிப்பு) எந்தத் துண்டின் பெயரைச் சொல்கிறதோ அதை மட்டும், அதே இடத்திலிருந்து, மறுபடி இறக்குங்கள். ரெவ் என்று முடியும் ஃபைல்களைக் கூடவே கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். ஒரு ரெவ் இருந்தால் காணாமல்போன ஒரு துண்டை வின்ராரே உருவாக்கிவிடும். அதுவும் இல்லை, அசல் லிங்க்கும் செத்துவிட்டது என்றால் அந்தக் கலெக்‌ஷனை விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் ஒற்றைத் துண்டைத் தேடிப் போக வேண்டாம்.

இப்போது வெளியிலிருந்து வரும் எதையும் வேலை சிஸ்டத்தில் திறப்பதில்லை. தம்பியின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அதில் பிரித்துப் பார்த்து, பிஎஸ்டியை மட்டும் பென்டிரைவில் எடுக்கிறேன். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் சாண்ட்பாக்ஸைப் பயன்படுத்தலாம், மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் அழிந்துவிடும். பேக்கப் டிஸ்க்குகள் இரண்டு, ஒன்று எப்போதும் கழற்றியே இருக்கும். ஸ்டூடியோக்காரர்களிடமும் வேலை எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: ஆல்பம் வீட்டுக்காரர் கைக்குப் போகும்வரை கார்டை ஃபார்மேட் செய்யக்கூடாது. புதுக் கார்டு வாங்கக் காசு இல்லை என்று ஒருவர் சொன்னார். என் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொன்னேன்.